இருபத்திரண்டாவது மூவ் வரைக்கும்

தோற்றுப்போனவர்கள் எத்தனையோ பேரைப் பார்த்திருப்பீர்கள். பாவப்பட்ட ஜனங்கள், முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போய், ஒரு பிளேன்டீ குடித்துவிட்டு, தூங்கி எழுந்தால் சரியாகிவிடுவார்கள். இங்கே சொல்ல வந்தது அவர்களைப் பற்றி அல்ல. தோற்றதை விளக்குகிறவர் என்று தனியாக ஒரு இனம் இருக்கிறது. இந்த இனத்துக்கு ஆட்டம் தொடங்குவதே ஆட்டம் முடிந்த பிறகுதான். கிரிக்கெட்டில் முதல் பந்திலேயே அவுட்டாகி வந்து பிட்சின் ஈரத்தைப் பற்றி ஒரு மணித்தியாலம் பேசுவார். பிரதேச சபைத் தேர்தலில் மண் கவ்விவிட்டு, தான் உண்மையில் வென்ற கதையை வட்டாரம் வட்டாரமாகச் சொல்லுவார். ஆனாலும் இந்த இனத்தின் அசல் ரகத்தைப் பார்க்க வேண்டுமானால் செஸ் பலகைக்குப் பக்கத்தில்தான் பார்க்க வேண்டும். ஏன் தெரியுமா? செஸ்ஸில் பிட்ச் இல்லை, அம்பயர் இல்லை, கள்ள ஓட்டு இல்லை. பழி போட ஆளே இல்லாத இடத்தில் ஆளைக் கண்டுபிடிக்கிறவர்தானே கெட்டிக்காரர்?

அப்படிப்பட்ட கெட்டிக்காரர்தான் லியனார்ட் சேர். நோர்வூட்டிலிருந்து பொகவந்தலாவைக்குப் போகிற ரோட்டில் ஒரு தேயிலைத் தோட்டம். தோட்டத்தின் பெயர் வேண்டாம். சொன்னால் நீங்கள் போய்விடுவீர்கள், போனால் அவர் உங்களை உட்காரவைத்துப் போன ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்தை முதல் காயிலிருந்து காட்டாமல் விடமாட்டார், கடைசி பஸ்ஸும் போய்விடும். வயது ஐம்பத்துமூன்று. பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். தோட்டத்து வாசிகசாலையில் செஸ் கழகத்தை ஆரம்பித்தவர், அதன் தலைவர், அதன் சட்டதிட்டங்களைப் பன்னிரண்டு பிரிவுகளாக எழுதி ஒட்டியவர், ஹட்டனில் வருஷாவருஷம் நடக்கிற தோட்டங்களுக்கிடையிலான போட்டியில் பதினொரு வருஷமாக முதலாம் பலகையில் உட்காருகிறவர். நாலு பேர் போகிற அணியில் முதலாம் பலகை, ஆகச் சிறந்த ஆட்டக்காரரின் இடம், என்றால் சும்மாவா? குழுப்படத்தில் நடுவில் நிற்பது அவர்தான். அவருடைய மனைவி றோசலின் வீட்டு ஷோகேஸைத் திறந்தால் பதினொரு லியனார்ட் சேர்கள் நடுவில் நின்று உங்களைப் பார்ப்பார்கள்.

எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது, காளியாயி வருகிற வரைக்கும்.

காளியாயி அந்தத் தோட்டத்துப் பிள்ளைக்காம்பராவில் ஆயம்மா. கொழுந்தெடுக்கப் போகிற தாய்மார் விட்டுவிட்டுப் போகிற முப்பது பிள்ளைகளுக்குப் பாலும் கொடுத்து, சண்டையும் விலக்கி, தூங்கவும் வைக்கிற வேலை. யாரோ புண்ணியவான்கள் பிள்ளைகளுக்கு என்று ஒரு பெட்டி விளையாட்டுச் சாமான் கொடுத்தார்கள். அதில் ஒரு செஸ் செட். ஒரு பிள்ளை சிப்பாயை விழுங்கப் பார்த்ததால் காளியாயி செட்டைப் பறித்து அலுமாரிக்கு மேல் வைத்தார். மேலே வைத்ததை மத்தியானம் பிள்ளைகள் தூங்குகிற நேரத்தில் எடுத்துப் பார்த்தார். பிறகு ஒருநாள் வாசிகசாலைக்கு வந்து, “சேர், இந்தக் குதிரை எப்புடிங்க போகும்?” என்று கேட்டார். லியனார்ட் சேர் பெருந்தன்மையோடு காட்டிக் கொடுத்தார். அன்றைக்கு அவர் வாயில் கொழுக்கட்டை இருந்திருந்தால் எவ்வளவு நன்றாயிருந்திருக்கும்!

அது நடந்து மூன்று வருஷம். இந்த மூன்று வருஷத்தில் ஞாயிற்றுக்கிழமை ஆட்டங்களில் லியனார்ட் சேர் காளியாயியிடம் எத்தனை தடவை தோற்றார் என்று கேட்காதீர்கள், அவருக்கே தெரியாது. ஜெயித்தது தெரியும். ஒன்றுமில்லை. இரண்டு தடவை சமநிலை. கொழுந்து நிறை குறைந்தால் பாதிச் சம்பளத்துக்கு அரைப்பேர் போடுகிற வழக்கம் தோட்டத்தில் இருக்கிறதல்லவா, வாசிகசாலையில் சமநிலைக்கும் அதே பெயர்தான். அந்த இரண்டு அரைப்பேரை அவர் ஒரு வருஷம் கொண்டாடினார்.

ஆட்டம் முடிந்ததும் சடங்கு தொடங்கும். முதலில் கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார். பிறகு கூரையைப் பார்த்து ஒரு பெருமூச்சு. பிறகு, யாரும் கேட்காமலே, காய்களைப் பழைய இடங்களில் திரும்ப அடுக்குவார். அடுக்கிக்கொண்டே அந்த வாசகம் வரும்: “இருபத்திரண்டாவது மூவ் வரைக்கும் ஆட்டம் என் கையிலதான் இருந்திச்சு.”

எந்த ஆட்டமானாலும் இருபத்திரண்டுதான். பதினெட்டாவது மூவில் செக்மேட் ஆன ஆட்டத்துக்கும் அவர் இதையே சொன்னதாகக் கழகச் செயலாளர் நிரஞ்சன் சத்தியம் பண்ணுவார். அப்படியானால் இருபத்துமூன்றாவது மூவில் என்னதான் நடந்தது? ஒரு வாரம் ஜன்னல் வெளிச்சம் கண்ணில் அடித்தது. மறுவாரம் மேகமூட்டம், வெளிச்சமே இல்லை. ஒரு வாரம் கதிரையின் ஒரு கால் கட்டை. ஒரு வாரம் தேத்தண்ணியில் சீனி கூட, அடுத்த வாரம் சீனியே இல்லை. திருவிழாவுக்குத் தப்பு மேளம் அடித்துப் பழகுகிறார்கள். வீடு வீடாகப் பாண் ரொட்டி விற்கிற சின்னத்தம்பியின் ஆட்டோ அந்த ட்டிங் ட்டிங் பாட்டோடு சரியாக அவர் ராணியைத் தொடுகிற நேரத்தில் வளைவில் ஏறுகிறது. எதிரே உட்கார்ந்திருக்கிற மனுஷி நன்றாக ஆடுகிறார் என்ற ஒன்றைத் தவிர மற்ற எல்லாவற்றையும் லியனார்ட் சேர் ஆராய்ந்து முடித்துவிட்டார்.

“இங்க பாருங்க காளியாயி. இந்த எடத்துல நான் யானைய நகத்தியிருந்தா?”

“நகத்தலையே சேர்.”

“நகத்தியிருந்தான்னு கேக்குறேன்.”

“நகத்தியிருந்தா நானும் வேற என்னத்தயாவது வச்சிருப்பேன்.”

“அது வேற ஆட்டம்! நான் கேக்குறது இந்த ஆட்டம்!”

காளியாயி என்ன செய்வார்? ஆட்டம் முக்கால் மணித்தியாலம். அதற்குப் பிறகு ஆராய்ச்சி ஒன்றரை மணித்தியாலம். எழுந்து போனால் சேருக்கு மரியாதைக் குறைவு. ஆகவே உட்கார்ந்து கேட்பார். கேட்டால் சும்மா கேட்கிற ஆளா அவர்? “எனக்கு இந்த மந்திரி போயிட்டா மனசு பதறிரும், அதான் என் பலவீனம்” என்று சேர் ஒரு ஞாயிறு மனம் திறந்து சொன்னார். அடுத்த ஞாயிறு எட்டாவது மூவிலேயே மந்திரி போனது. “என்னங்க இது, இவ்வளவு அவசரமா?” என்று சேர் கேட்க, “சேர்தானே போன வாரம் சொன்னீங்க” என்றார் காளியாயி, ரொம்ப மரியாதையாக. இப்படி வாரத்துக்கு ஒன்றாக அவர் தன் பலவீனங்களையெல்லாம் விளக்கப்படத்தோடு எதிராளிக்கு ஒப்படைத்துக்கொண்டிருந்தார். எந்த வாத்தியாராவது பரீட்சைத் தாளை இப்படி முன்கூட்டிக் கொடுப்பாரா?

வீட்டுக்குப் போனாலும் ஓயாது. றோசலின் கறிக்கு எடுத்து வைத்த வெள்ளைப்பூடெல்லாம் சிப்பாய், காய்ந்த மிளகாய் மந்திரி, பெரிய வெங்காயம் ராணி. சாப்பாட்டு மேசையில் போர் நடக்கும்.

“இந்தாங்க, ஒங்க ராணிய அரியவா, இல்ல இன்னும் ஆட்டம் முடியலியா?”

“கொஞ்சம் இரு றோசலின். அந்தப் பாண் பாட்டு மட்டும் வரலேன்னா...”

“அந்தப் பாட்டு காளியாயி காதுல விழலியா? அவளுக்கும் ரெண்டு காதுதானே?”

லியனார்ட் சேர் யோசித்தார். நியாயமான கேள்விக்கு நியாயமாகப் பதில் சொல்வது அவர் வழக்கம். “அவங்க முப்பது பிள்ளைக சத்தத்துல வேல செய்றவங்க. சத்தம் பழகிப்போச்சு. அது ஒரு அநியாயமான வசதி” என்றார். றோசலின் ராணியைப் பலகையில் வைத்து இரண்டாக வெட்டினார்.

கொழும்பில் வேலை பார்க்கிற மகன் ஜெரோமி, அப்பாவின் தொல்லை தாங்காமல், போனில் ஒரு செஸ் அப்பிளிக்கேஷனைப் போட்டுக் கொடுத்தான். ஆடிய ஆட்டத்தைக் கொடுத்தால் எங்கே பிழை என்று அதுவே சிவப்பில் காட்டும். காட்டியது. ஆறாவது மூவ் சிவப்பு, ஒன்பதாவது சிவப்பு, பதினான்காவதுக்குப் பிறகு மாரியம்மன் கோயில் கொடிமாதிரி ஒரே சிவப்பு. சேர் போனைக் கவிழ்த்து வைத்தார். “இது எங்கயோ ஏசி ரூம்ல செஞ்சது. நோர்வூட் குளிருல வெரல் வெறச்சிப் போறது இதுக்கு என்ன தெரியும்?” என்று கேட்டார். பிறகு யோசித்து, அப்பிளிக்கேஷனின் தரத்தை ‘ஆரம்பநிலை’க்குக் குறைத்தார். ஆரம்பநிலைக்கு அவருடைய ஆட்டம் ரொம்பப் பிடித்திருந்தது.

இதெல்லாம் சிரிக்கிற விஷயம்தான். ஆனால் இந்த வருஷம் ஹட்டன் போட்டிக்குப் பெயர் கொடுக்கிற நேரம் வந்தபோது நிரஞ்சன் தலையைச் சொறிந்துகொண்டு வந்து நின்றார். நிரஞ்சன் பஸாரில் போட்டோகொப்பிக் கடை வைத்திருக்கிற பொடியன்; பெரியவர்களை எதிர்த்துப் பேசத் தெரியாது.

“சேர், கோவிச்சுக்காதீங்க. இந்தத் தடவ மொதலாம் பலகைக்கு ஒங்களுக்கும் காளியாயி அக்காவுக்கும் ஒரே ஒரு ஆட்டம் வச்சிக்கலாம்னு எல்லாரும் சொல்றாங்க. ஜெயிச்சவங்க மொதலாவது, மத்தவங்க ரெண்டாவது.”

“தாராளமா வைங்க! நானே சொல்லணும்னு இருந்தேன்!” என்றார் சேர், வாசிகசாலை முழுக்கக் கேட்கும்படி.

வீட்டுக்குப் போகிற வழியில் அவருக்குப் பயம் வந்தது. உண்மையான பயம். படத்தில் எங்கே நிற்பது என்பதல்ல விஷயம். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் அவரைக் கூப்பிடுவது ‘செஸ் சேர்’ என்று. பஸ்ஸில் கண்டக்டர்கூட ‘செஸ் சேருக்கு எடம் குடுங்க’ என்பான். அந்த ஒரு சொல்லை எடுத்துவிட்டால் மிச்சம் என்ன இருக்கிறது? ஓய்வு பெற ஏழு வருஷம் இருக்கிற, பின்னங்களைப் போதிக்கிற ஒரு வாத்தியார். அந்த மாதிரி வாத்தியார் மாவட்டத்தில் எத்தனையோ பேர் இருக்கிறார்கள்.

பயந்த மனுஷர் என்ன செய்தார்? ஆராய்ச்சி செய்தார். மூன்று வருஷத்துத் தோல்விக் காரணங்களை எல்லாம் வரிசையாக எடுத்து, ஒவ்வொன்றையும் ஒழித்துக்கட்டினார். ஜன்னலுக்குத் திரை போட்டார். வீட்டுக் கதிரையை முதுகில் சுமந்துகொண்டு போய் வாசிகசாலையில் வைத்தார். றோசலினையே பிளாஸ்க்கில் தேத்தண்ணியோடு வரச் சொன்னார், சீனி இரண்டு கரண்டி. தப்பு அடிக்கிற பையன்களிடம் போய்க் கெஞ்சி ஞாயிறு காலை ஓய்வு வாங்கினார். சின்னத்தம்பியைக் கண்டு, ஞாயிறு பத்திலிருந்து பன்னிரண்டு மணிவரை அந்தப் பக்கமே வரக்கூடாது என்று சொல்லிவிட்டார். அந்த ஞாயிறு மேட்டு லயத்து வீடுகளில் யாருக்கும் பாண் கிடைக்கவில்லை. சனிக்கிழமை இரவு படுக்கும்போது கணக்குப் பார்த்தால் அவர் தோற்பதற்கு ஒரு காரணமும் மிச்சமில்லை. அதை நினைத்ததும் அவருக்குத் தூக்கம் போய்விட்டது.

ஞாயிறு. தேவாலயத்தில் பூசை முடிந்து, சாமியாருக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு, நேரே வாசிகசாலை. சுற்றிவர வாங்குகளில் இருபது இருபத்தைந்து பேர் உட்கார்ந்திருந்தார்கள். காளியாயி துணியெல்லாம் அலசி லயத்து வாசலில் காயப்போட்டுவிட்டு, கையைச் சேலையில் துடைத்துக்கொண்டே வந்து உட்கார்ந்தார்.

சொன்னால் நம்பமாட்டீர்கள், லியனார்ட் சேர் அன்றைக்குப் பிரமாதமாக ஆடினார்! இருபத்திரண்டாவது மூவ் வந்தது, போனது. இருபத்துமூன்று, இருபத்துநாலு, ஒன்றும் ஆகவில்லை. இருபத்தெட்டில் காளியாயியின் ஒரு யானை போய்விட்டது. முப்பத்தொன்றில் சேரின் ராணி காளியாயியின் ராஜாவை மூலையில் நெருக்கிக்கொண்டு நின்றது. அப்போது தகரக் கூரையில் மழை பிடித்தது.

காளியாயி ஜன்னல் பக்கம் பார்த்தார். பலகையைப் பார்த்தார். மறுபடி ஜன்னலைப் பார்த்தார். அவருடைய மனசு பாதி வாசலில் காய்கிற துணியில் இருந்தது. முப்பது பிள்ளைகளின் விரிப்பும் அதில்தான்.

“நல்லா ஆடிட்டீங்க சேர். நம்ம கத முடிஞ்சுதுன்னு நெனைக்கிறேன்” என்று சொல்லி, கையை நீட்டினார்.

கையை நீட்டினார்! மூன்று வருஷம் காத்திருந்த கை. வாசிகசாலைச் சட்டப்படி, இரண்டு பேரும் கை கொடுத்தால் ஆட்டம் முடிந்தது. ஐந்தாம் பிரிவு, எழுதியவர் லியனார்ட் சேர். அவருடைய கையும் எழும்பிப் பாதி தூரம் வந்தது. கண்ணில் தண்ணீர் முட்டியது. சந்தோஷத்தில் தொண்டை அடைத்தது. அடைத்த தொண்டை அப்படியே அடைத்துக்கொண்டு இருந்திருக்கக் கூடாதா?

“நீங்க எங்க பிழ விட்டீங்க தெரியுமா?” என்றார் லியனார்ட் சேர்.

நிரஞ்சன் இருமினார். “இந்தாங்க, மொதல்ல கையக் குடுங்க” என்றார் பிளாஸ்க்கோடு நின்ற றோசலின்.

“கொஞ்சம் இரு றோசலின். அவங்களுக்கு வெளங்க வேணாமா?” பாதி தூரம் வந்த கை திசை மாறிப் பலகைக்குப் போனது. “இருபத்தேழுல அந்த யானைய முன்னுக்குக் கொண்டுவந்தது பிழ. சரி, அதுக்கப்புறமாவது சமாளிச்சிருக்கலாம். பதட்டப்பட்டுட்டீங்க. தோல்விக்கு அவசரப்படக் கூடாது. இப்பகூடப் பாருங்க, இந்த நிமிஷங்கூட...” பேச்சு நின்றது. கண்கள் விரிந்தன. ஒரு உண்மையைக் கண்டுபிடித்த மனுஷரின் முகம் எப்படி மலரும் என்று நீங்கள் பார்த்திருக்க வேண்டும். “அட! இப்பகூட இருக்கே! இந்தக் குதிரைய இங்க வச்சா என் ராஜாவுக்குச் செக். அதே குதிரை என் ராணியவும் குறிவைக்குது. ராஜாவ நகத்தாம இருக்க ஏலாது, நகத்தினா ராணி போயிரும். ராணி போனா என்கிட்ட என்னா இருக்கு? ஒண்ணுமில்ல! ஆகா, என்னா அழகு பாத்தீங்களா!”

காளியாயி நீட்டிய கையை மெல்ல மடக்கிக்கொண்டார்.

“அப்புடீங்களா சேர்?” என்று கேட்டு, குதிரையை எடுத்து, அவர் விரல் காட்டிய கட்டத்தில் வைத்தார். “செக்.”

அதற்குப் பிறகு பதினோரு மூவ். அதை இங்கே விவரிக்க வேண்டாம், மனசு கேட்கவில்லை. கடைசியில் சேரின் ராஜா தன்னந்தனியாக மூலையில் நின்றார். றோசலின் தேத்தண்ணியை ஊற்றி, கணவருக்குக் கொடுக்காமல், தானே குடித்தார்.

லியனார்ட் சேர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கூரையைப் பார்த்தார். எழுந்து நின்று, “செயலாளர், ஒரு ஆட்சேபனை” என்றார். “ஏழாம் பிரிவுப்படி ஆட்டம் நடக்கும்போது வெளியிலேருந்து யாரும் காய் சொல்லிக் குடுக்கக் கூடாது. எதிராளிக்கு இன்னிக்கு உதவி கெடச்சிருக்கு.”

நிரஞ்சன் பயந்துகொண்டே கேட்டார். “யாரு சேர் சொல்லிக் குடுத்தது?”

சேர் வாயைத் திறந்தார். மூடினார். அவர் வாழ்க்கையில் விளக்கம் வராத முதல் சந்தர்ப்பம் அதுதான் என்று இருபத்தைந்து பேர் சாட்சி சொல்லுவார்கள்.

காளியாயி எழுந்து குடையைத் தேடிக்கொண்டிருந்தார். “சேர், இந்தப் பலகைக்கா இம்புட்டு? நீங்களே மொதலாவதுல குந்துங்க. நான் ரெண்டாவதுல இருந்துக்கிறேன். எனக்குப் பிள்ளைக விரிப்பு நனையுது” என்றார். கேலி இல்லை, நிஜமாகவே சொன்னார்.

எல்லோரும் சேரைப் பார்த்தார்கள். ஒரே ஒரு சொல். ‘சரி’ என்றால் போதும், ஷோகேஸில் பன்னிரண்டாவது படம். அவர் உதடு அந்தச் சொல்லுக்காகக் குவிந்ததையும் றோசலின் கண்டார். ஆனால் சேரின் பார்வை பலகைக்குப் போய்விட்டது, அந்தக் குதிரை நின்ற கட்டத்துக்கு.

“அது எப்புடி?” என்றார் வருத்தத்தோடு. “அங்க அந்தக் குதிரை இருக்கு. இருக்கிறத இல்லேன்னு எப்புடிச் சொல்றது? ஆட்டம் ஒங்களோடது காளியாயி.” அப்போதுதான் கையை நீட்டினார். மூன்று வருஷத்தில் முதல் தடவையாக அதற்குமேல் ஒன்றும் சொல்லவில்லை. காளியாயி கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டு மழையில் ஓடினார். சேருக்குக் கண் கலங்கியிருந்தது. இந்தத் தடவை சந்தோஷத்தில் அல்ல.

ஹட்டனில் இந்த வருஷக் குழுப்படத்தில் அவர் ஓரத்தில் நிற்கிறார். பாதித் தோள் படத்துக்கு வெளியே.

பாவம் என்கிறீர்களா? பாவம்தான். ஆனால் ஒன்று கேட்க வேண்டும். அந்தக் கை நீண்ட இடத்தை வாசித்தபோது உங்கள் மனசு என்ன சொன்னது? ‘ஐயோ மனுஷா, வாயை மூடிக்கொண்டு கையைக் கொடுத்திருக்கலாமே’ என்றுதானே? அதோடு விட்டீர்களா? காளியாயி ‘குந்துங்க’ என்றபோது ஒத்துக்கொண்டிருக்கலாம் என்றும் தோன்றியிருக்கும். ஆட்சேபனையை வேறு பிரிவில் கிளப்பியிருந்தால் நின்றிருக்கும் என்றும் தோன்றியிருக்கும். இந்நேரம் பக்கத்தில் இருக்கிறவரை உலுப்பி, எந்த நொடியில் அந்த ஆட்டம் கைநழுவியது என்று விளக்கத் தொடங்கியிருப்பீர்கள். ஆடாத ஆட்டத்துக்கே இவ்வளவு ஆராய்ச்சி செய்கிறீர்களே, நீங்கள் ஆடித் தோற்ற ஆட்டங்களை உங்கள் வீட்டில் எத்தனை தடவை கேட்டிருப்பார்கள்?